மின்னூல்: எது பட்டா, எது குத்தகை?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு கடையில் பணம் கொடுத்து நாவல் ஒன்றை வாங்கினால், அந்தப் பிரதி உங்களுடையது. படித்து முடித்துப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம். பிடிக்காவிட்டால் பழைய புத்தகக் கடையில் போட்டுவிடலாம். கடைக்காரர் நடுராத்திரியில் வந்து அலமாரியைத் திறந்து திரும்ப எடுத்துக்கொண்டு போக மாட்டார். மின்னூலை முதன்முதலாக வாங்குகிறவர்களும் இதே நினைப்போடுதான் பணம் கட்டுகிறார்கள். பெரும்பாலான கடைகளில் அவர்களுக்குக் கிடைப்பது வேறு ஒன்று.

தஞ்சைப் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நிலத்தில் பட்டா உண்டு, குத்தகை உண்டு. குத்தகைக்காரர் உழலாம், விதைக்கலாம், அறுக்கலாம். விற்கவோ மற்றவருக்கு எழுதிக் கொடுக்கவோ முடியாது. அமேசானின் கிண்டில் போன்ற கடைகளில் வாங்குவதற்கான பொத்தானை அழுத்தும்போது நாம் எடுப்பது குத்தகை. நூல் விற்கப்படவில்லை, படிக்கும் உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்று அமேசானின் விதிமுறைகளிலேயே இருக்கிறது; அந்தப் பக்கத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்றக் கூடாது என்று தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே 1952இல் ஒரு சட்டம் வந்தது. மின்னூல் குத்தகைதாரருக்கு அப்படிப்பட்ட காவல் எதுவும் கிடையாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியபோது, அங்கே வாங்கிய நூல்கள் அந்த ஆண்டு ஜூலையிலிருந்து திறக்காமல் போயின. பணத்தை முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓரக் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் தந்தார்கள். குறிப்புகள் நூலோடு போயின.

இதனால் குத்தகை எடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அச்சு நூலைவிட விலை குறைவு, அலமாரி வேண்டாம், கரையான் பயமில்லை, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். எது குத்தகை, எது பட்டா என்று தெரிந்து வாங்கினால் போதும். பிறகு எந்தக் கருவியில் எதைப் படிப்பது, எதை எங்கே சேமிப்பது என்ற குழப்பமெல்லாம் பாதியாகக் குறைந்துவிடும்.

பட்டா நூல்கள் எங்கிருந்து வருகின்றன

பூட்டில்லாமல் கோப்பாகவே நம் கைக்கு வந்துசேரும் நூலைத்தான் பட்டா நூல் என்கிறேன். அதில் முதல் வகை, பதிப்புரிமைக் காலம் முடிந்தவை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. எழுத்தாளர் உயிரோடிருக்கும் காலம் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. அந்த 60 ஆண்டு, அவர் மறைந்த தேதியிலிருந்து எண்ணப்படுவதில்லை; அடுத்து வரும் ஜனவரி முதல் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. முன்பு 50 ஆண்டாக இருந்ததை 1992இல் 60 ஆக்கினார்கள்.

நம் ஊர்க்காரர்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உத்தமதானபுரத்தில் பிறந்து கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியிட்டவற்றின் உரிமை 2002 முடிவோடு தீர்ந்துவிட்டது. கும்பகோணத்துக் கு.ப.ராஜகோபாலன் 1944இல் மறைந்தார். 2005 முதல் அவர் கதைகளை யாரும் வெளியிடலாம். மயிலாடுதுறை பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி 1954இல் மறைந்தார். அவருக்கு 60 ஆண்டுகள் ஆகும் வரை காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. தமிழக அரசு அவர் நூல்களை முன்னரே நாட்டுடைமையாக்கிவிட்டது. வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து, நூல்களைப் பொதுவாக்கும் இந்த ஏற்பாட்டால்தான் கல்கியின் நூல்கள் திரும்பிய பக்கமெல்லாம் கிடைக்கின்றன. தேவங்குடியில் பிறந்த தி.ஜானகிராமனோ 1982இல் மறைந்தார். சட்டக் கணக்கில் அவர் நூல்களுக்கு 2042 முடிவு வரை உரிமை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் அவருடைய நாவலின் பிடிஎஃப் எவ்வளவு அன்போடு அனுப்பப்பட்டதாக இருந்தாலும் அது திருட்டுப் பிரதிதான்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மூலம் பொதுவாகிவிட்டதால் அதைச் சுற்றியுள்ளவை எல்லாம் பொதுவாகிவிடுவதில்லை. தேவாரப் பாடலுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. பத்தாண்டுகளுக்கு முன் ஒருவர் அதற்கு எழுதிய உரை அவருடையது. ஒரு பழைய நாவலுக்குப் புதிதாக எழுதிய முன்னுரையும் வரைந்த ஓவியமும் அவற்றைச் செய்தவர்களுடையவை. அதனால் புதிய பதிப்பு ஒன்றை அட்டை முதல் அட்டை வரை செல்போனில் படமெடுத்து, மூலந்தான் பழையதாயிற்றே என்று பகிர்வது செல்லாது. எழுத்தாளர் மறைந்த பிறகு முதன்முறையாக வெளிவந்த நூலாக இருந்தால், 60 ஆண்டுக் கணக்கு அந்த நூல் வெளியான பின்பே தொடங்கும்.

உரிமைக் காலம் தீர்ந்தவை, நாட்டுடைமையானவை போக மூன்றாவது வகை, எழுத்தாளரே மனமுவந்து கொடுப்பது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிமத்தின் கீழ் வெளியிட்டால், அவர் வைத்த நிபந்தனைக்குள் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பகிரலாம். பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது அநேகமாக எப்போதும் இருக்கும் நிபந்தனை. சிலர் விற்கக் கூடாது என்பார்கள், சிலர் மாற்றக் கூடாது என்பார்கள்.

இனி எங்கே தேடுவது? மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கியது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஊதியம் இல்லாமல் தட்டச்சு செய்து சேர்த்த பழந்தமிழ் நூல்கள் அங்கே இருக்கின்றன. ஒரு கோப்பைத் திறந்தால் நூல் தொடங்குவதற்கு முன் யார் தட்டச்சு செய்தார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்று எழுதியிருப்பார்கள். பலரும் தாண்டிப் போகும் அந்த நாலு வரியை நான் எப்போதும் படித்துவிட்டுத்தான் நூலுக்குள் போவேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்களும் பழைய பதிப்புகளின் பக்கப் படங்களும் கிடைக்கும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் 2013 முதல் இன்றைய எழுத்தாளர்களின் நூல்களை அவர்கள் அனுமதியோடு தருகிறது. ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற தளம்.

இவற்றோடு, விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான தமிழ் விக்கிமூலத்தையும் சேர்க்க வேண்டும்; அதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். நாட்டுடைமை நூல்களின் பக்கப் படங்களை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கிறார்கள். சரிபார்த்த நூலைப் பதிவிறக்கும் பொத்தானை அழுத்தி இபப் வடிவில் எடுத்துக்கொள்ளலாம். அது ஏன் முக்கியம் என்பதற்கு வடிவங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பிடிஎஃப்பா, இபப்பா

பிடிஎஃப் கோப்பில் பக்கம் நிலையாக நிற்கும். அச்சில் எந்த வரி எங்கே முடிந்ததோ அங்கேயேதான் முடியும். பெரிய தாளுக்காக அமைத்த பிடிஎஃப்பைச் செல்போனில் திறந்து பாருங்கள். எழுத்து கடுகாகத் தெரியும். இரண்டு விரலால் விரித்தால் எழுத்து பெரிதாகும், வரியின் வலப்பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் தள்ளி, மீண்டும் இடப்பக்கம் இழுத்து, மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போய்ச் சேர்வதற்குள் நாலு பக்கம் படித்தால் பெரிய விஷயம். இபப் கோப்பில் வரி திரைக்குத் தகுந்தபடி மடிந்துகொள்ளும். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி திரைக்குள்ளேயே நிற்கும். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பிடிஎஃப்பிலும் இரண்டு சாதி. ஒன்றில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். மற்றொன்றில் ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சொல் நீலமாகத் தேர்வானால் எழுத்து, ஒன்றும் நடக்காவிட்டால் படம். படக் கோப்பில் சொல் தேட முடியாது, கருவியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லவும் முடியாது, கோப்பின் அளவும் பெரிது. சொல் தேர்வானாலும் இன்னொரு சிக்கல் மிச்சம். யூனிகோட் என்ற பொதுவான எழுத்துக் குறியாக்கம் பரவலாவதற்கு முன் தமிழுக்கு டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியாக்கங்கள் இருந்தன. அந்தக் காலத்து எழுத்துருவில் செய்த கோப்பில் பார்க்கும்போது தமிழ் தெரியும், நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஏதோ ஐரோப்பியக் குறிகளாகக் கொட்டும். தமிழக அரசே 2010இல்தான் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய கோப்புகளில் இதை எதிர்பார்த்தே திறக்க வேண்டும்.

பழைய வாசிப்புக் கருவிகளில் தமிழ் உடைந்து தெரிவது வேறு நோய். ‘கொ’ என்று எழுத, ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாத கருவி கொம்பைக் கொண்டுபோய்ப் பின்னால் வைக்கும், அல்லது புள்ளிபோட்ட வட்டம் ஒன்றைத் தொங்கவிடும். கிண்டிலில் தமிழ் சரியாகத் தெரியாத காலத்தில் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்காரர்கள் 6 அங்குலத் திரைக்கென்றே தனி பிடிஎஃப் செய்து கொடுத்தார்கள். இன்றும் அந்த வடிவம் அங்கே இருக்கிறது, பழைய கருவி வைத்திருப்பவர்களுக்கு அதுதான் கைகொடுக்கும். அமேசான் தமிழ் நூல்களை முறையாக விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில். பழைய கருவியை யாரிடமாவது வாங்குவதாக இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தமிழ் நூலைத் திறந்து ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

ஒரே நூல், பல கருவி

பட்டா நூலாக இருந்தால் இது எளிய வேலை. ஆண்ட்ராய்டு செல்போனில் ரீட்எரா போன்ற இலவசச் செயலியை நிறுவி, இபப் கோப்பைத் திறந்தால் முடிந்தது. இணையமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் புக்ஸ் இருக்கிறது. செல்போனில் விட்ட இடத்திலிருந்து வீட்டுக் கணினியில் தொடர வேண்டும் என்றால் கூகுள் பிளே புக்ஸில் உங்கள் கோப்பை நீங்களே ஏற்றி வைக்கலாம். அங்கே வாங்கிய நூலும் நீங்கள் ஏற்றிய நூலும் ஒரே அலமாரியில் நிற்கும்.

கிண்டிலுக்குக் கொஞ்சம் சுற்று வழி. இபப் கோப்பை யூ.எஸ்.பி. கம்பி வழியாகப் போட்டால் கிண்டில் அதைக் கண்டுகொள்ளாது. ‘சென்ட் டு கிண்டில்’ என்ற இலவச வசதியின் வழியாக அனுப்பினால் அமேசானே தன் வடிவத்துக்கு மாற்றிக் கருவியில் சேர்த்துவிடும். இணையப் பக்கம் வழியாக 200 எம்பி வரை அனுப்பலாம், மின்னஞ்சல் வழியாக 50 எம்பி வரை. மின்னஞ்சலில் அனுப்பினால், அனுப்பும் முகவரியை உங்கள் அமேசான் கணக்கில் அனுமதிக்கப்பட்ட முகவரியாக முன்கூட்டியே சேர்த்திருக்க வேண்டும். அனுப்பினேன், வரவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்படி அனுப்பிய நூல், செல்போனில் உள்ள கிண்டில் செயலியிலும் தெரியும்.

கணினி இருந்தால் காலிபர் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். கோவிட் கோயல் என்ற இந்தியர் 2006இல் தொடங்கியது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும், அட்டைப்படம் சேர்க்கும், நூல்களை வரிசைப்படுத்தும். வரிசையில்தான் தமிழர்களுக்குத் தலைவலி. உ.வே.சாமிநாதையர், உ. வே. சா., டாக்டர் உ.வே.சா., சாமிநாத ஐயர் உ.வே. என்று நாலு தளத்திலிருந்து நாலு விதமாகப் பெயர் வரும். காலிபர் நாலு எழுத்தாளர்கள் என்று நினைத்துக்கொள்ளும். தலைப்பெழுத்துக்குப் பின் இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதைக்கூட முதல் நாளே தீர்மானித்துவிடுவது நல்லது. 300 நூல் சேர்ந்த பிறகு திருத்துவது ஒரு வாரக் கூலி இல்லாத வேலை.

குத்தகை நூலுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. கிண்டிலில் வாங்கியதைப் பெரும்பாலும் கிண்டில் கருவியிலோ கிண்டில் செயலியிலோதான் படிக்க வேண்டும். கூகுளில் வாங்கியவற்றில் சிலவற்றை அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற மென்பொருள் வழியாக மற்றக் கருவிகளுக்குக் கொண்டுபோகலாம், நகலெடுக்க விடாமல் கடைக்காரர் போட்ட மின்பூட்டோடுதான். கிண்டில் கடையில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26இல் நிறுத்திவிட்டது. பூட்டை உடைக்கும் வழிகள் இணையத்தில் மலிந்திருக்கின்றன. உரிமையை மீறும் நோக்கத்துடன் அப்படி உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்று 2012இல் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஒரே நூல் இரண்டு கடையிலும் இருந்தால், உங்கள் வீட்டில் எந்தக் கருவிகள் இருக்கின்றன என்று பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. வாங்குவதற்கு முன் இலவச மாதிரியை இறக்கிப் பாருங்கள். பக்கப் படங்களை வைத்து ஒப்பேற்றிய நூலா, ஒழுங்காக எழுத்தில் செய்ததா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பதிப்பகமோ எழுத்தாளரோ பூட்டு இல்லாத இபப் கோப்பை நேரடியாக விற்றால், நான் கிண்டில் விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதைத்தான் வாங்குவேன். அதுவும் உங்கள் எல்லாக் கருவிக்கும் போகும். ஊருக்கெல்லாம் அனுப்பும் உரிமை மட்டும் அதில் வராது.

அனுப்புகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. டெலிகிராமில் பெயர் தெரியாமல் நூல்களைக் கொட்டினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு பயிற்சி ஆசிரியரின் பாடப் புத்தகங்களைப் பகிர்ந்த சேனல்களை நடத்துவோரின் தொலைபேசி எண் உள்ளிட்ட விவரங்களைக் கொடுக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. பதிப்புரிமை மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை. லாப நோக்கம் இல்லாவிட்டால் நீதிமன்றம் குறைக்கலாம், அவ்வளவே. பார்வையற்றோருக்கும் அச்சைப் படிக்க இயலாதோருக்கும் சட்டமே தனி வழி விட்டிருக்கிறது. அவர்கள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றிக் கொடுப்பது குற்றமாகாது. சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016 முதல் அவர்களுக்காக இயங்குகிறது.

கணக்கும் சேமிப்பும்

டெல்டாவில் பல வீடுகளில் அப்பாவின் கிண்டில் கணக்கு சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகனின் மின்னஞ்சலில் ஓடுகிறது. மகன் எண்ணை மாற்றினால் கடவுச்சொல்லுக்கான குறுஞ்செய்தி யாருக்கோ போகும், அப்பாவின் அலமாரி பூட்டிக்கொள்ளும். குத்தகை நூல் முழுவதும் கணக்கில்தான் இருக்கிறது. கணக்கு உங்கள் பெயரில், உங்கள் எண்ணில் இருக்கட்டும். அந்த உரிமத்தை வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது என்பதைச் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பட்டா நூல்களைக் கணினியில் ஒரு பிரதி, பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ ஒரு பிரதி, முடிந்தால் இணையச் சேமிப்பில் ஒரு பிரதி என்று வைக்கலாம். இபப் கோப்புகள் சிறியவை, ஆயிரம் நூலும் ஒரு சின்ன மெமரி கார்டில் அடங்கும். குத்தகை நூலையும் படிக்க நினைக்கும்போதே கருவியில் இறக்கிவிடுங்கள், அட்டை தெரிவதால் நூல் இறங்கிவிட்டது என்று நம்ப வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறிய பிறகு வேதாரண்யம், மன்னார்குடிப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. செல்போன் சார்ஜ் போட ஜெனரேட்டர் இருக்கும் இடம் தேடிப் போனார்கள். கிண்டில் போன்ற, மின்மைத் (இ-இங்க்) திரை கொண்ட வாசிப்புக் கருவி ஒரு முறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் நிற்கும், உள்ளே நூல் இறங்கியிருந்தால்.

வீட்டில் கிடக்கும் நூல்

நம் பக்கத்தில் இன்னொரு வகை நூல் ஏராளம். தாத்தா எழுதி உள்ளூர் அச்சகத்தில் 500 பிரதி போட்ட தலவரலாறு, பெரியப்பாவின் கவிதைத் தொகுதி, ஊர்ப் பள்ளி ஆசிரியர் தொகுத்த நடவுப் பாட்டு. கடையில் இல்லை, நூலகத்திலும் இல்லை, பரணில் ஒரு கட்டு இருக்கும். அவற்றை மின்னூலாக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது உரிமை இப்போது யாரிடம் என்று. எழுதியவர் மறைந்து 60 ஆண்டு ஆகாவிட்டால் வாரிசுகளிடம் இருக்கும். ஒருவர் மட்டும் சம்மதித்தால் போதாது, எல்லா வாரிசுகளும் எழுத்தில் ஒப்பிக் கொடுப்பதே பாதுகாப்பு. கோயிலோ ஆதீனமோ சம்பளம் கொடுத்து எழுத வைத்திருந்தால் உரிமை அவர்களிடம் இருக்கலாம். பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுங்கள். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாமல் விட்டிருந்தால், சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்கிறது. அந்தக் காலம் கடந்திருந்தால் உரிமை குடும்பத்துக்கே திரும்பியிருக்கும். அதற்கு முந்தைய ஒப்பந்தமானால் அதில் எழுதியிருப்பதே செல்லும். உரிமை உங்களிடம் என்று உறுதியானால், எந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதைக் குறிப்பிட்டு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தன்னார்வலர்களுக்கு எழுதலாம். யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பினால் இபப், பிடிஎஃப் எல்லாம் அவர்களே செய்துவிடுவார்கள்.